கஞ்சத் தூண்டில்

நாகுசா ஏரி
டிசம்பர் 4

சிகாகேவுக்கு,

குளிர்கால நலம் விசாரிப்பெல்லாம் ஒழுங்காக எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். பதினோரு வருடம் பேசாத தங்கையிடம் ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நீ சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரில் என் வலது தோள்பட்டைத் தசைநார் அறுந்தது. தைத்திருக்கிறார்கள். கை இனிமேல் தோளுக்கு மேலே போகாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். உள்ளங்கையைவிடப் பெரிய, மரத்தில் செய்த பொய் மீனை நின்றபடி நாற்பது மீட்டர் வீசுகிற தொமோஹிதே இனி இல்லை. இடது கையால் வீசிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த உன் அண்ணி சுமியேயின் தொப்பி ஏரிக்குள் போய் விழுந்தது. "மீனுதான் வரல, என் தலையையாவது விட்டு வைங்க" என்றாள்.

ஆக, மிச்சம் இருப்பது உன் வழிதான். தலைமுடி போலத் தூண்டில் நரம்பு, மிளகு போல ஈயக்குண்டு, நகம் போல ஒரு பொய் இரை. அதைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது. அதற்குக் கஞ்சத் தூண்டில் என்று பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயரை இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. பாஸ் மீன் பிடிப்பதென்றால் மீனோடு சண்டை போட வேண்டும், அதனிடம் பிச்சை கேட்கக் கூடாது. ஆனால் நவம்பர் முழுக்கப் போய் நவம்பர் முழுக்க மொட்டை. ஒரு கடிகூட இல்லை. பிச்சை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடு.

இங்கே யாரிடமும் கேட்க முடியாது. முப்பது வருடமாகப் படகுத்துறைக் குடிலில் உட்கார்ந்து இவர்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். எதிர்க்கரைப் படகுக்கடை ஒசாகாபேயிடம் கேட்டால் மத்தியானத்துக்குள் ஏரி முழுக்கத் தெரிந்துவிடும். உன்னிடம் இழக்க என்னிடம் மரியாதை எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மீன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லித்தர வராதே.

தொமோஹிதே


ககாவா
டிசம்பர் 11

படகுக்கடை முதலாளிக்கு,

உன் கடிதத்தைக் கையுறைப் பட்டறையில் மதிய இடைவேளையில் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நம்பாமல். இரண்டாவது தடவை சிரிப்பதற்காக. மூன்றாவது தடவை, மன்னிப்பு என்ற சொல் எங்காவது மடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவதற்காக. தோள் இருந்தது, தொப்பி இருந்தது. அது இல்லை.

உனக்கு மறந்திருக்கும், நான் எழுதி வைக்கிறேன். மார்ச் மாதப் போட்டி. மூன்று மீன், இரண்டு கிலோ அறுநூறு, நான் முதலிடம். அந்த வருடம் தூண்டில்களைச் சோதிக்கிற பொறுப்பு உன்னுடையது. நம் ஏரியில் பிளாஸ்டிக் புழுவுக்குத் தடை, தோலுக்குத் தடையில்லை. என் முள்ளில் இருந்ததைக் கழற்றி இரண்டு விரலால் நசுக்கி, "பிளாஸ்டிக்!" என்று குடிலே அதிரக் கத்தினாய். பழைய கையுறையில் வெட்டிய மான்தோல் அது என்று சொன்னேன். "இருபது வருஷமா இந்த ஏரியில இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அதை அடுப்பில் போட்டாய். வேறு யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மீன்பிடிச் சங்கத்தின் தடைப் பலகையில் என் பெயர் இன்னமும் இருப்பதாகக் கேள்வி.

உனக்குச் சொல்லித்தருகிறேன். நான் எழுதியதை எழுதியபடி செய்ய வேண்டும். நடந்ததைப் பொய் கலக்காமல் எழுத வேண்டும். கடைசியில் எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும். எப்படி என்று நேரம் வரும்போது சொல்வேன்.

முதல் பாடம். ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, நுனி மெலிந்த கோல் வாங்கு. உன் உலக்கைகளைக் கொண்டு வராதே. மூன்று பவுண்டு தாங்கும் நரம்பு. முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனை, இல்லாவிட்டால் உரசிய சூட்டிலேயே நரம்பு செத்துவிடும். ஈயம் அடியில், முள் அதற்கு ஒரு சாண் மேலே. படகில் உட்கார். தொமோஹிதே, உட்கார். நீ நின்றால் படகு ஆடும், படகு ஆடினால் இரை ஆடும். இரையை நேர்கீழே இறக்கு. தரை தட்டியதும் நரம்பு தளரும். அப்புறம் எதுவும் செய்யாதே. அறுபது எண்ணு. உனக்கு அறுபது வரை எண்ணத் தெரியும் என்று நம்புகிறேன்.

சிகாகே


நாகுசா ஏரி
டிசம்பர் 20

சிகாகேவுக்கு,

வாங்கினேன். கடைக்காரப் பையன் "யாருக்குங்க, வீட்டுல அம்மாவுக்கா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் ஐந்தரை டிகிரி. காலை ஆறரைக்குக் கோலின் வளையங்களில் பனி கட்டி நரம்பே ஓடவில்லை. சுரண்டினேன், ஒரு வளையம் உடைந்தது. உட்கார்ந்தேன். எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணினால் எனக்குக் கோபம் வருகிறது. அறுபது எண்ணுவது மனிதன் செய்கிற காரியமா? தவம் செய்யப் போகிறவன் படகு எதற்கு வாங்க வேண்டும்?

பொய் கலக்கக் கூடாது என்றாய். வியாழக்கிழமை கடி வந்தது. முதல் கடி. என் கை யோசிக்காமல் தன் பழைய வேலையைச் செய்துவிட்டது. இரண்டு கையாலும் கோலை வானத்துக்கு இழுத்தேன். தோள் கிழிந்தது போல வலி, நரம்பு அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, நான் படகில் மல்லாக்க விழுந்துகிடந்தேன். இந்த வாரம் மட்டும் அப்படி ஏழு தடவை. ஏழு முள், ஏழு ஈயம், ஏழு மீன். இவ்வளவு மெல்லிய நரம்பைக் கண்டுபிடித்தவன் மீனின் சொந்தக்காரனாகத்தான் இருப்பான்.

தொமோஹிதே


ககாவா
ஜனவரி 5

படகுக்கடை முதலாளிக்கு,

ஏழு கடி வந்ததா! ஏழு மீன் உன்னை நம்பி வாயைத் திறந்திருக்கின்றன. ஏழுக்கும் நீ செய்த மரியாதை இது. அவற்றின் வாயில் முள்ளை விட்டுவிட்டு நீ தோள்வலியைப் பற்றி எழுதுகிறாய்.

கேள். ஐந்தரை டிகிரியில் மீன் பசியோடு திரிவதில்லை. அதன் உடம்பு ஓடவே மாட்டேன் என்கிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, மூக்குக்கு நேரே வருவது எதுவோ அதை மட்டும் உறிஞ்சும். நீ அதை எழுப்பி, பயமுறுத்தி, சண்டைக்கு இழுக்கப் பார்க்கிறாய். வீட்டிலும் கடையிலும் நீ அப்படித்தான். அங்கே எல்லோரும் பணிந்து போனார்கள். மீனுக்கு நீ யார் என்று தெரியாது.

கடி என்றால் இடி இல்லை. நனைந்த இலை ஒன்று நரம்பில் ஒட்டிக்கொண்டது போல ஒரு கனம், அவ்வளவுதான். அப்போது இழுக்காதே. ரீலைச் சுற்று, கோலை மெதுவாகத் தூக்கு, முள் தானே ஏறும். ரீலின் பிடியைத் தளர்த்தி வை, மீன் ஓடினால் ஓடட்டும். தளர்ந்த நரம்பை மட்டும் விரலால் நடுக்கலாம், ஈயம் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. வளையத்தில் பனி கட்டினால் கோல் நுனியைத் தண்ணீரில் முக்கு. சுரண்டத் தோன்றுவது உனக்குத்தான்.

சிகாகே


நாகுசா ஏரி
ஜனவரி 16

சிகாகேவுக்கு,

முப்பத்தொரு சென்டிமீட்டர்! கிழக்குப் பள்ளம், ஒன்பது மீட்டர் ஆழம், எண்ணிக்கை நாற்பத்தாறு. இலை ஒட்டியது. எழுந்து நிற்காமல் இருக்க இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றினேன், தூக்கினேன், வந்தது. நான்கு மாதத்தில் முதல் மீன். சின்னதுதான், பழைய காலமாக இருந்தால் இதைப் பிடித்ததாக வெளியே சொல்லமாட்டேன். ஆனால் திருப்பி விடுவதற்கு முன் இரண்டு தடவை அளந்தேன். அளவுகோல் சரியில்லை என்று வைத்துக்கொள்.

படகில் வந்த ஒசாகாபே பார்த்துவிட்டான். "என்னடா தொமோ, கஞ்சனாயிட்டியா?" என்று கரைக்கே கேட்கக் கத்தினான். மதியம் குடிலில் ஆறு பேர் சேர்ந்து என்னை வணங்கி, "குருவே, ஊசியில நூல் கோக்கிறது எப்படி?" என்று கேட்டார்கள். எனக்கு வேண்டியதுதான். நான் பதிலுக்குத் தலை குனிந்து வணங்கினேன். நம்ப மாட்டாய், உண்மை.

இப்போது ஒரு சிக்கல். கடையில் விற்கிற பன்றித்தோல் இரை இரண்டு மீனுக்கு மேல் தாங்குவதில்லை, காய்ந்தால் பலகையாகிவிடுகிறது. நீ பயன்படுத்தியது என்ன?

தொமோஹிதே


ககாவா
ஜனவரி 24

படகுக்கடை முதலாளிக்கு,

நான் என்ன பயன்படுத்தினேன் என்று நீ கேட்கிறாய். நீ. இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் இன்றைக்குக் கடலோரத்தில் மற்றவர்கள் விரல்களுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருக்கமாட்டேன்.

இத்துடன் பட்டறையில் மிஞ்சிய மான்தோல் துண்டுகள் இருக்கின்றன. சுண்டுவிரல் நீளம், தீக்குச்சி அகலத்துக்கு வெட்டு. வால்பக்கம் கத்தரியால் பிளந்துவிடு. கறுப்புத் தேநீரில் ஒரு மணி நேரம் ஊற வை, பழுப்பு நிறம் ஏறும். பிறகு உப்புத் தண்ணீரில் இரண்டு நாள். கடைசியாகச் சமையல் எண்ணெய் ஒரு துளி. முடிந்ததும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடி. இரண்டு விரலால் நசுக்கு. உன் கடையில் பறிமுதல் செய்த பிளாஸ்டிக் புழுக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதில் ஒன்றைப் பக்கத்தில் வை. பிறகு எழுது. மீன் பற்றி எழுத வேண்டாம்.

சிகாகே


நாகுசா ஏரி
பிப்ரவரி 2

சிகாகேவுக்கு,

செய்தேன். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, எது எது என்று சுமியேயிடம் கேட்டேன். தப்பாகச் சொன்னாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் என் கையில் கொடுத்தாள். நானும் தப்பாகச் சொன்னேன். ஊறிய மான்தோல் வழவழவென்று, வளைந்து, வெளிச்சத்தில் கொஞ்சம் ஊடுருவித் தெரிகிறது. பெரிய இரையைத் தவிர வேறெதையும் தொடாதவன் கைக்கு அது பிளாஸ்டிக்தான்.

நீ என்னை எங்கே கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. நான் அவ்வளவு மடையன் இல்லை. "தெரியாமல் சொல்லிவிட்டேன், என் கை தப்பு செய்துவிட்டது" என்று என் வாயாலேயே வர வேண்டும் என்பது உன் திட்டம். அப்படி எழுதிக் கடிதத்தை மூடியும் விட்டேன். மூன்று நாள் அது அஞ்சல்தலையோடு மேசை மேல் கிடந்தது. பொய் கலக்கக் கூடாது என்று நீ ஆரம்பத்திலேயே சொல்லித் தொலைத்தாய்.

அடுப்பில் போட்டேனே, அது பத்து விநாடியில் கருகியது. முடி பொசுங்குகிற வாடை வந்தது. பிளாஸ்டிக் அப்படி நாறாது, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒசாகாபே மூக்கைச் சுளித்துக்கொண்டு, "யாருடா அங்க முடியைப் பொசுக்குறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ அப்போது வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு காலணி மாட்டிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் வாயைத் திறந்தாயிற்று, எப்படி மூடுவது என்று தெரியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்த வருடம் முழுக்க என் படகில் ஏறியவர்கள் எல்லாம் உன் தூண்டிலைப் பற்றித்தான் கேட்டார்கள். இரண்டில் எது பெரிய காரணம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தொமோஹிதே


ககாவா
பிப்ரவரி 7

தொமோஹிதே,

பதினோரு வருடமாக நீ ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போது நினைப்பேன், தோல் வெட்டும்போது நினைப்பேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. முட்டாள் அண்ணன் என்பது பெரிய விஷயமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு ஒருவன் இருக்கிறான். ஒருநாள் உன் மர மண்டையில் ஏறும், அப்போது மன்னித்துவிடலாம் என்று ஒரு மன்னிப்பைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அது முட்டாளுக்கு அளவெடுத்தது. உனக்குச் சேராது. வேறு என்னிடம் இல்லை.

நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். கயிற்றைக் கட்டி முடித்தாயிற்று. யாராவது ஒருவர் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று வேண்டுமென்றே இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பதினைந்தாம் தேதி சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம். அங்கே போய்ச் சொல். ஆனால் "தப்பு நடந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு உட்காராதே. அப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள், பெரிய மனசு என்பார்கள், சாயங்காலம் உனக்கு மது ஊற்றிக் கொடுப்பார்கள். என் பெயரை வைத்து நீ இரண்டாவது தடவை பெரிய மனிதனாகிவிடுவாய். வாடையைச் சொல்.

சிகாகே


நாகுசா ஏரி
பிப்ரவரி 17

சிகாகேவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மான்தோலையும் பிளாஸ்டிக்கையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் காட்டினேன். என் கண்ணும் கையும் ஏமாந்துவிட்டன, சிகாகே குற்றமற்றவள் என்று சொல்லித் தலை குனிந்தேன். நீ சொன்னது போலவே கைதட்டினார்கள். ஒசாகாபேதான் இப்போது சங்கத் தலைவர். "விடுப்பா, நனைஞ்சா ரெண்டும் ஒண்ணுதான். யாருக்குத்தான் கண்ணு தப்பாது? தங்கச்சி பேரை இன்னிக்கே அழிச்சிடுவோம்" என்றான். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் உட்கார்ந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. உட்கார்ந்து அந்தத் தேநீரை முழுக்கக் குடித்தேன். அவள் பெயர் திரும்பிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும், அவள் ககாவாவில் இருக்கிறாள், யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்றெல்லாம் தோன்றியது. அடுத்த விஷயம் ஆரம்பமாகி, வசந்தத்தில் எத்தனை மீன்முட்டை விடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் எழுந்தேன். "என்ன தொமோ, இன்னொரு டீயா?" என்று ஒசாகாபே கேட்டான். வாடையைச் சொன்னேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒசாகாபே பேனாவைக் கீழே வைத்தான். "முடி பொசுங்குதுன்னு கேட்டது நான்டா. என் வாயால கேட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரிச்ச. அந்தப் பொண்ணு இன்னும் வாசல்லதானடா நின்னுச்சு" என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பலகையை இறக்கி உன் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களே எழுதினார்கள். ஆயுள் முழுக்கப் போட்டிச் சோதனை மேசைக்குப் பக்கத்தில் நான் போகக் கூடாது என்று தீர்மானம். வீட்டில் சுமியே, "இதை வயித்துல வெச்சுக்கிட்டு பதினோரு வருஷமா என் கையால சோறு தின்னிருக்கீங்க" என்றாள். அவள் இரண்டு நாளாக அக்கா வீட்டில் இருக்கிறாள். நானே சோறு வடித்துக்கொள்கிறேன், கஞ்சியாகிவிடுகிறது.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன்னிடம் இல்லை என்று எழுதிவிட்டாய், இல்லாத பொருளைக் கேட்டு என்ன பயன்? சங்கம் தந்த அழைப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் பன்னிரண்டு போட்டி. தண்ணீர் இன்னும் ஆறு டிகிரியைத் தாண்டவில்லை. நீ வந்தால் நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

தொமோஹிதே


ககாவா
பிப்ரவரி 26

தொமோஹிதே,

கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவாயாம். எவ்வளவு சௌகரியம்! அதற்காகவா உன்னை எழுந்து நிற்க வைத்தேன்?

ஒசாகாபே தொலைபேசியில் பேசினார். பத்து நிமிடம் அழுதார், எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். என்னவென்று சொன்னதும், "அவனை மேசைக்கிட்ட விடக் கூடாதுன்னு தீர்மானமே போட்டாச்சேம்மா" என்றார். அப்படியானால் நான் வரவில்லை என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவைக்குச் சங்கம் சம்மதிக்கிறது என்றார்.

எனக்குப் படகு ஒசாகாபே கடையில் எடுத்தாயிற்று. ரயில் நிலையத்துக்கு வராதே. தோளைப் பற்றிப் பேசாதே, என் தலை நரைத்துவிட்டது என்று சொல்லாதே. மீன் கிடைத்தாலும் மொட்டையானாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு என் கோலை எடுத்துக்கொண்டு குடிலுக்கு வருவேன். எல்லோரும் இருப்பார்கள். நீ மேசைக்குப் பின்னால் நில்.

என் முள்ளில் இருப்பதை உன் கையால் கழற்று. இரண்டு விரலால் நசுக்கிப் பார். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாக, அது என்னவென்று சொல். சொல்லிவிட்டு அதை என் கையில் திருப்பிக் கொடு.

சிகாகே